இருபத்திரண்டு பேரும் ஒரு தராசும்

கேள்வி: கீழ்பென்னாத்தூரிலிருந்து அவலூர்பேட்டை போகிற வழியில் உள்ளே தள்ளி எங்கள் ஊர். எனக்கு இரண்டரை ஏக்கர், ஒரு கிணறு, இரண்டு கறவை மாடு. மார்கழிப் பட்டத்தில் ஒரு ஏக்கர் மல்லாட்டை (நிலக்கடலை) போடுவேன். மீதியில் நெல். போன சித்திரையில் காயை ஆய்ந்து களத்தில் கொட்டிய மூன்றாம் நாளே வியாபாரி வந்துவிட்டார். நாலு காயை உடைத்துப் பார்த்து, ‘ஈரம் இருக்குது’ என்று ஒரு விலை சொன்னார். உரம் வாங்க அவரிடம்தான் முன்பணம் வாங்கியிருந்தேன். அதனால் வேறு ஆளைக் கூப்பிட வாய் வரவில்லை. 40 கிலோ மூட்டைக்கு ஒரு கிலோ சாக்குக் கழிவு பிடித்தார். பணம் இரண்டு தவணையாக வந்தது. உழவு, விதை, களை, காய் ஆயும் கூலி எல்லாம் போக, நானும் வீட்டுக்காரியும் பாடுபட்டதற்குக் கூலி நிற்கவில்லை.

எங்களைப் போல 22 பேர் சேர்ந்து ஒரு சங்கமோ கம்பெனியோ ஆரம்பித்து, நாங்களே எண்ணெய் ஆட்டி, கிரிவலப் பாதையில் கடை போட்டோ சென்னைக்கு அனுப்பியோ விற்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். என் அப்பா, ‘சங்கம்னு ஆரம்பிச்சா அது முழுகாம போகாது, நான் பார்க்காத சங்கமா’ என்கிறார். இது பிழைப்புக்கு ஆகுமா? எங்கிருந்து தொடங்குவது?

— ஒரு விவசாயி, கீழ்பென்னாத்தூர் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: உங்கள் அப்பா சொல்வதில் இருந்தே தொடங்குகிறேன். அவர் அனுபவத்தில் பேசுகிறார். நானும் ஒரு சங்கம் முழுகியதைப் பார்த்தவன்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வட மாவட்டத்துச் சங்கம் ஒன்றின் கிடங்கைக் கணக்கெடுக்கப் போனேன். பூட்டைத் திறந்ததும் முகத்தில் அடித்தது காறல் வாடை. அடுக்கடுக்காக மணிலா மூட்டைகள், நீங்கள் சொல்கிற மல்லாட்டைதான். உறுப்பினர்களிடம் நல்ல விலைக்கு வாங்கி, ‘இன்னும் இரண்டு மாதம் போனால் ஏறும்’ என்று அடுக்கி வைத்திருந்தார்கள். விலை ஏறவில்லை. வண்டு ஏறியது. ஒரு மூட்டையைத் தூக்கினால் அடியில் மாவு கொட்டியது. அந்த நிர்வாகக் குழுவில் யாரும் திருடவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து, ஊர்ப் பணத்தை வைத்து விலைச் சூதாட்டம் ஆடியிருக்கிறார்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் ஊரில் நன்றாக ஓடுகிற சங்கம் ஒன்று பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும்: பால் சங்கம். காலையில் இருட்டு விலகுமுன் தூக்கோடு வரிசை நிற்கிறது. ஊற்றுகிறார்கள், அளக்கிறார்கள், சின்னக் குப்பியில் மாதிரி எடுக்கிறார்கள், கொழுப்பும் சத்தும் பார்த்து அட்டையில் எழுதுகிறார்கள். ஒரு மாடு வைத்திருக்கிற விதவைக்கும் பத்து மாட்டுக்காரருக்கும் ஒரே கருவி, ஒரே கணக்கு. குறை இல்லாமல் இல்லை. பாக்கி நின்றால் சாலையில் பாலைக் கொட்டுகிற செய்தியும் அவ்வப்போது வரும். ஆனாலும் ஓடுகிறது. பால் நிலைத்த ஊரில் மணிலாச் சங்கம் ஏன் நிலைக்கவில்லை?

பால் காத்திருக்காது. சில மணி நேரத்தில் திரிந்துவிடும் பொருளை வைத்து யாரும் விலை ஏறட்டும் என்று பதுக்க முடியாது. மல்லாட்டை காத்திருக்கும். காத்திருக்கிற பொருளில் எப்போதும் ஆசை புகும். விலை இறங்கினால் உறுப்பினர்கள் மொத்தத்தையும் சங்கத்தில் கொண்டுவந்து தள்ளுவார்கள். ஏறினால் சங்கத்துக்கு இரண்டு மூட்டை, மண்டிக்கு இருபது மூட்டை போகும். இரண்டு பக்கமும் அடி வாங்குவது சங்கம்.

இது ஏதோ ஒரு கிடங்கின் கதை மட்டும் இல்லை. பாலில் வெற்றி கண்ட அதே தேசிய பால்வள வாரியம், 1979-ல் எண்ணெய்வித்து விவசாயிகளுக்கும் கூட்டுறவு கட்ட இறங்கியது. குஜராத்தில் கடலை எண்ணெய் வியாபாரத்தைக் கையில் வைத்திருந்தவர்களை அங்கே ‘தேலியா ராஜா’, அதாவது எண்ணெய் ராஜாக்கள், என்பார்கள். அவர்களோடு மல்லுக்கட்டி, 1988-ல் ‘தாரா’ என்ற பெயரில் எண்ணெயைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். நாடெங்கும் விற்றது. 1994-ல் பாமாயில் இறக்குமதிக்குக் கதவு திறந்தது. மலிவு எண்ணெய் வந்து குவிந்ததும், விதையை ஒரு விலைக்கு வாங்கி வைத்து எண்ணெயை வேறு விலைக்கு விற்க வேண்டியிருந்த பல மாநிலக் கூட்டுறவு இணையங்கள் நட்டத்தில் அமிழ்ந்தன. அந்த வாரியத்தின் தலைவர் குரியன் போன்றவர் பின்னால் நின்றே இந்தக் கதி என்றால், நம் 22 பேர் எம்மாத்திரம்?

ஆகவே என் முதல் பதில்: உங்கள் குழு யாரிடமும் மல்லாட்டையை விலை கொடுத்து வாங்கக் கூடாது. உறுப்பினரிடம்கூட வாங்கக் கூடாது. பொருள் கடைசிவரை அவரவர் பொருளாகவே இருக்கட்டும். குழு செய்ய வேண்டியது எடை போடுவது, காய வைப்பது, தரம் பிரிப்பது, ஒன்றாகக் குவித்து நாலு வியாபாரிகளை ஒரே இடத்துக்கு வரவைப்பது. செலவுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்ளலாம்.

நம் மாநிலத்திலேயே இதற்கு முன்னோடி உண்டு. திருச்செங்கோடு வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் ஏலத்தை ஒரு நாள் போய்ப் பாருங்கள். பஸ் செலவு வீண் போகாது. பருத்தி, மஞ்சள், எள், கடலை எல்லாம் விவசாயி பெயரிலேயே குவியல் குவியலாகக் கிடக்கும். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலாகப் பார்த்துவிட்டு விலை போடுவார்கள். சங்கம் தரகு எடுத்துக்கொள்ளும். விலை இறங்கினால் அன்று விவசாயிக்கு வருத்தம்தான். ஆனால் சங்கம் முழுகாது. அடுத்த வாரமும் ஏலம் நடக்கும். நிலைத்து நிற்பதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இறவையில் ஏக்கருக்குக் காய்ந்த காய் 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோ மூட்டையாக 22 மூட்டைக்கு மேல். மூட்டைக்கு ஒரு கிலோ கழிவு என்றால் 22 கிலோ மல்லாட்டை சும்மா போகிறது. 2025-26-க்கு மத்திய அரசு மணிலாக் காய்க்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். அந்த விலையில் மதிப்பிட்டால் ஏறத்தாழ 1,600 ரூபாய். நீங்கள் எந்தச் சாக்கில் பிடித்தீர்கள்? பிளாஸ்டிக் சாக்கில்தானே? வெறும் சாக்கைத் தராசில் போட்டுப் பாருங்கள். நூற்றைம்பது கிராம்கூடத் தேறாது. கனத்த சணல் சாக்குக் காலத்தில் வந்த வழக்கம். சணல் போய்விட்டது, கழிவு மட்டும் நின்றுவிட்டது.

அடுத்து அந்த முன்பணம். வட்டி இல்லாமல் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உரத்துக்கு 15,000 ரூபாய் வாங்கினீர்கள், அந்த உரிமையில் அவர் கிலோவுக்கு 3 ரூபாய் குறைத்து எடுத்தார் என்று வையுங்கள். 900 கிலோவுக்கு 2,700 ரூபாய். நாலு மாதத்துக்கு நூற்றுக்கு 18. வருஷக் கணக்கில் நூற்றுக்கு 54. கந்துவட்டி என்ற சொல்லை யாரும் உச்சரிக்காமலே கந்துவட்டி நடந்திருக்கிறது.

வியாபாரியைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் நீங்கள் கதவைத் தட்டுவது அவர் வீட்டைத்தான். எந்தச் சங்கமும் அந்த நேரத்தில் திறந்திருக்காது. இந்த முன்பணப் பழக்கம் நேற்று வந்ததும் அல்ல. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் தென்னாற்காட்டு மணிலா பாண்டிச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கப்பலில் போன காலத்திலேயே, வெள்ளைக்காரக் கம்பெனியின் பணம் தரகர் கை மாறி விதைப்புக்கு முன்பே ஊருக்குள் வந்து இறங்கும். விளைந்தால் காய் அவருக்கு. செஞ்சிச் சாலையில் இன்று லோடு ஏற்றிக்கொண்டு போகிற மினி லாரி வரைக்கும் அந்தச் சங்கிலி அறுபடவில்லை.

அதை அறுக்காமல் ‘எல்லோரும் சேர்ந்து விற்போம்’ என்று கையெழுத்துப் போட்டால் என்ன நடக்கும்? அறுவடை நாளில் 22 பேரில் பதினைந்து பேர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். ஒற்றுமை இல்லை என்று ஊரைத் திட்டுவோம். உண்மையில் அவர்கள் காய் ஏற்கெனவே விற்றுப்போன காய்.

கடன் பக்கத்தில் நமக்குப் பழைய முதல் உண்டு. சென்னை மாகாணத்து அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பாவுக்குப் போய், ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களைப் பார்த்துவிட்டு வந்து 1890-களில் சென்னை அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1904-ல் சட்டம் வந்தது. அந்த வருஷமே அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் விவசாயக் கடன் சங்கம் ஏற்பட்டது. இன்று நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. தவணைக்குள் கட்டிவிட்டால் பயிர்க்கடனுக்கு வட்டியே கிடையாது. 15,000 ரூபாயை அங்கே வாங்காமல் வியாபாரியிடம் ஏன் வாங்கினீர்கள்? சிட்டா, அடங்கல் என்று அலைய நேரமில்லை, அல்லது நிலம் இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, அல்லது பழைய பாக்கி. இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மார்கழிக்குள் 22 பேரின் அந்தச் சிக்கலைத் தீர்த்து வைப்பதே உங்கள் குழுவின் முதல் பருவ வேலையாக இருக்கட்டும். ஒரு கிலோ மல்லாட்டைகூட விற்காமல், ஒரு கூட்டுறவு விற்பனைக் குழு செய்யக்கூடிய பெரிய வேலை இது.

கடனும் விற்பனையும் ஒரே பேரேட்டில் ஓடினால் என்ன ஆகும் என்பதற்குத் தெலங்கானாவின் முல்கனூரைச் சொல்வேன். பழைய கரீம்நகர் மாவட்டத்தில் உள்ள கிராமம். 1956-ல் விஸ்வநாத ரெட்டி என்பவர் முன்னின்று தொடங்கிய சங்கம். சுற்றியுள்ள பதினாலு ஊர்தான் அதன் எல்லை. உரம், விதை அங்கே வாங்குவார்கள், கடன் அங்கே, விளைந்ததும் அங்கேயே போகும், கடனைக் கழித்துக்கொண்டு மீதி கைக்கு வரும். அறுபது வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்திருக்கிறது. பதினாலு ஊருக்கு மேல் ஆசைப்படாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, காய் களத்துக்கு வந்துவிட்டது. அடுத்து ஈரம். வியாபாரி நாலு காயை உடைத்துப் பார்த்து ‘ஈரம்’ என்றாரே, அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். மூன்றாம் நாள் காயில் ஈரம் இருக்கத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு ஈரம் என்பது அவர் வாயில்தான் இருந்தது. நன்றாகக் காய்ந்த காயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆடும். ஈரப்பதம் எட்டு, ஒன்பது சதவீதத்துக்கு வந்திருக்கும். பருப்பின் மேல்தோலைத் தேய்த்தால் உரிந்து வரும். ஈரத்தோடு மூட்டை பிடித்தால் எடை கூடுமே என்று நினைக்கிறவர்கள் உண்டு. தண்ணீருக்கு மல்லாட்டை விலை கொடுக்க வியாபாரி என்ன சொந்தக்காரரா? கிடைக்கும் எடையைவிட அதிகமாக விலையில் வெட்டிவிடுவார். ஈரக்காயில் பூஞ்சணம் பிடித்து நஞ்சு சேர்ந்தால் நல்ல விலைக்கு வாங்குகிறவர்கள் திரும்பியே பார்க்க மாட்டார்கள். ஆகவே, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நாலு பெரிய தார்ப்பாய், ஒரு ஈரப்பத மானி, முத்திரை போட்ட ஒரு மின் தராசு. இதுதான் உங்கள் சங்கத்தின் மூலதனம். கட்டடம், போர்டு, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் பிறகு.

காய்ந்த காயை எங்கே விற்பது? கமிட்டியை ஒதுக்கிவிட வேண்டாம். நம் பக்கத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தைக் ‘கமிட்டி’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது எப்படி வந்தது என்பதை மறந்துவிட்டோம். 1930-களில் விலை சரிந்து விவசாயி நொடித்துக் கிடந்த நேரத்தில், 1933-ல் சென்னை மாகாணம் வணிகப் பயிர்ச் சந்தைகளுக்கு ஒரு சட்டம் போட்டது. 1936-ல் திருப்பூரில் பருத்திக்கு முதல் கூடம் திறந்தது. இன்று நடப்பில் உள்ள 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூற்றுக்கு ஒரு ரூபாய் சந்தைக் கட்டணத்தை வாங்குகிற வியாபாரிதான் கட்ட வேண்டும். விவசாயி கட்ட வேண்டியதில்லை. எடை மின் தராசில். விலை மறைமுக ஏலத்தில். களமும் கிடங்கும் உண்டு. விலை பிடிக்கவில்லை என்றால் கிடங்கில் வைத்து, மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

கமிட்டிக்கு உங்கள் ஊர்க்காரர்கள் போகாததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்: ஒருவருடைய 22 மூட்டைக்குத் தனியாக வண்டி பிடித்தால் வாடகை கட்டுபடியாகாது. போனாலும், மூலையில் கிடக்கிற சின்னக் குவியலுக்குப் பெரிய வியாபாரி குனிய மாட்டார். 22 பேர் சேர்ந்தால்? ஏறத்தாழ 20 டன். பெரிய லாரி இரண்டு. ஒரே காய்ச்சலில், கல், மண், பொக்கு இல்லாமல் 20 டன் ஓரிடத்தில் கிடந்தால் அவர் குனிவார். ஊரிலேயே குவித்துவிட்டு, ‘இன்ன தேதியில் ஏலம்’ என்று திருவண்ணாமலை, செஞ்சி, சேத்துப்பட்டு வியாபாரிகளுக்குப் போன் போட்டாலும் நாலு பேராவது வருவார்கள். உங்கள் பழைய வியாபாரியையும் கூப்பிடுங்கள். அவரையும் விலை எழுதச் சொல்லுங்கள். ஒருவேளை அவரே கூடுதலாக எழுதக்கூடும். அப்படி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நெல்லைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 2025-26 பருவத்துக்கு ஊக்கத்தொகையோடு சாதாரண ரகம் குவிண்டால் 2,500, சன்ன ரகம் 2,545 ரூபாய். 75 கிலோ மூட்டைக்கு மாற்றினால் 1,875-ம், 1,909-ம். கமிட்டியில் உங்கள் ரகத்துக்கு இதைவிடக் கூடக் கிடைத்தால் அங்கே, இல்லையென்றால் இங்கே. நெல்லுக்காகச் சங்கம் வேண்டாம். வண்டியை மட்டும் கூட்டாகப் பிடியுங்கள்.

இனி உங்கள் ஆசைக்கு வருகிறேன்: எண்ணெய் ஆட்டுவது. காகிதத்தில் போட்டுப் பார்க்க இனிக்கிற கணக்கு இது. 100 கிலோ காயை உடைத்தால் 70 கிலோ பருப்பு. செக்கில் ஆட்டினால் 28 கிலோ எண்ணெய், லிட்டரில் சுமார் 30. மிச்சம் பிண்ணாக்கு, உங்கள் மாட்டுக்கே போடலாம். 20 டன் காய்க்கு 6,000 லிட்டர். ஒரு வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டர் என்றால் வருஷத்துக்கு 36. ஆக, 6,000 லிட்டரைத் தீர்க்க 167 வீடுகள் போதும். சென்னை வேண்டாம், ஏற்றுமதி வேண்டாம். திருவண்ணாமலை டவுனில் நாலு தெரு.

ஆனால் அந்த 167 வீடும் வருஷம் முழுக்க வாங்கும். நீங்கள் 20 டன் காயைச் சித்திரையிலேயே கட்டிப் போட வேண்டும். பதினாலு லட்சத்துக்கு மேல் முடங்கும். அந்தப் பணத்துக்காக 22 வீடும் பத்து மாதம் காத்திருக்குமா? திரும்பவும் அந்தக் காறல் வாடைக் கிடங்குக்கே வந்து நிற்போம். அதனால் முதல் வருஷம் பத்தில் ஒரு பங்கு மட்டும். பணத்துக்கு அவசரமில்லாத இரண்டு மூன்று பேர் மனமுவந்து ஒதுக்குகிற இரண்டு டன். ஓட்டோடு வைத்திருந்து மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து ஆட்டுங்கள். காய் தாங்கும் அளவுக்கு எண்ணெய் தாங்காது. சொந்தச் செக்கு வேண்டாம், கூலிக்கு ஆட்டலாம். 600 லிட்டர், பதினேழு வீடு. பள்ளிக்கூட வாத்தியார், பேங்க் ஊழியர், உங்கள் மச்சினர் என்று பார்த்தாலே பதினேழு வீடு வந்துவிடும். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வாங்கிவிடுங்கள். எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்கப் பொதுவாகச் சட்டம் இடம் தருவதில்லை, அடைத்து, தேதி ஒட்டித்தான் விற்க வேண்டும்.

கிரிவலப் பாதைக் கடை? பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது, உண்மை. பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலில் நடக்கிறவர் கையில் ஒரு லிட்டர் எண்ணெய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு சுற்றுவாரா என்று யோசியுங்கள். அவித்த மல்லாட்டை வாங்குவார். வறுத்த மல்லாட்டை வாங்குவார். கடலை உருண்டை வாங்குவார். வருஷத்தில் பன்னிரண்டு பதின்மூன்று ராத்திரி. உங்கள் ஊர்ப் பெண்கள் சுயஉதவிக் குழு அதைச் செய்தால் நல்ல சில்லறை வருமானம். 20 டன்னுக்கு அது வழி ஆகாது.

சங்கமா, கம்பெனியா என்ற கேள்விக்கு வருகிறேன். 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தால் அரசு ஆதரவும் உண்டு, அரசின் கையும் உண்டு. தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் பொறுப்பிலேயே பல வருஷம் ஓடிய சங்கங்களை உங்கள் அப்பா பார்த்திருப்பார். அவர் கோபத்தில் பாதி அதுதான். பொருளாதார அறிஞர் அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 2002-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி உற்பத்தியாளர் கம்பெனி என்ற வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். பத்து விவசாயிகள் சேர்ந்தால் தொடங்கலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு. உடம்பு கம்பெனி, உயிர் கூட்டுறவு. கோவை தொண்டாமுத்தூர்ப் பக்கம் தேங்காய், பாக்கு விற்கிற வெள்ளியங்கிரி உழவன் கம்பெனி இந்த வகைதான். ஆனால் வருஷா வருஷம் கணக்கும் படிவமும் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ஆர்வத்தில் பதிவு செய்துவிட்டு, வியாபாரமும் இல்லாமல், மூடவும் முடியாமல் ஆடிட்டர் வாசலில் நிற்கிற இயக்குநர்களை எனக்குத் தெரியும். எல்லோரும் நல்ல விவசாயிகள்.

22 பேருக்குத் தனியாக இரண்டும் இப்போது வேண்டாம். தமிழ்நாடு அரசு 2017-18-ல் கொண்டுவந்த கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் முதல் படி இருபது பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழு. ஐந்து குழு சேர்ந்து நூறு பேரானால் உற்பத்தியாளர் குழு. கருவி வாங்க ஐந்து லட்சம் தொகுப்பு நிதி கொடுத்தார்கள். ஆயிரம் பேரானால் கம்பெனி. 2020-ல் மத்திய அரசு தொடங்கிய பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத் திட்டத்தில் சமவெளியில் குறைந்தது 300 பேர் வேண்டும். உறுப்பினர் போடும் பங்குக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, மூன்று வருஷத்துக்கு நிர்வாகச் செலவாக 18 லட்சம் வரை என்று உதவி வைத்தார்கள். உங்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே பதிவான கம்பெனி இருக்கிறதா என்று வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். இருந்தால் அதில் பங்கு வாங்கி உள்ளே போங்கள். புதிதாக ஒரு பலகை மாட்டுவதைவிட, இருக்கிற பலகைக்குக் கீழே 22 பேர் சேர்ந்து போய் உட்கார்ந்தால் குரல் எடுபடும். போகுமுன் அந்தக் கம்பெனியின் கடைசி வருஷக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

பிழைப்புக்கு ஆகுமா என்று கேட்டீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். காய்ச்சலாலும் போட்டியாலும், முன்பணக் கட்டு அவிழ்ந்ததாலும் கிலோவுக்கு 5 ரூபாய் கூடக் கிடைத்தால் ஏக்கருக்கு 4,500. சாக்குக் கழிவு மிச்சம் 1,600. இரண்டும் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம். விதைப் பருப்பை வெளியே வாங்காமல், உங்கள் 22 நிலத்தில் நன்றாக விளைந்த நிலத்துக் காயையே ஒதுக்கி வைத்து விதைத்தால் ஏக்கருக்கு அறுபது கிலோ வரை பருப்பு வாங்கும் செலவில் இன்னும் கொஞ்சம் மீதி. இவ்வளவுதான். இரண்டரை ஏக்கரை இது பத்து ஏக்கராக்காது. மழை பொய்த்த வருஷம் எந்தச் சங்கமும் கிணற்றில் தண்ணீர் ஊற்றாது. ஆனால் நீங்கள் எழுதியிருந்தீர்களே, இரண்டு பேர் கூலி நிற்கவில்லை என்று. அந்தக் கூலியில் ஒரு பங்கு இதிலிருந்து வரும்.

சின்னதாகத் தோன்றினால் இன்னொன்றும் சொல்கிறேன். 1946-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பால் விவசாயிகள், பால்சன் கம்பெனிக்கு மட்டுமே ஊற்ற வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து, பதினைந்து நாள் ஒரு சொட்டுப் பால்கூடக் கொடுக்காமல் நின்றார்கள். அதிலிருந்து பிறந்த அமுல், முதலில் இரண்டே ஊர்ச் சங்கத்தோடு, நாளைக்கு 247 லிட்டரோடு தொடங்கியது. உங்கள் 20 டன் அதைவிடச் சின்னதா பெரியதா என்று நான் ஒப்பிடப் போவதில்லை. பதினைந்து நாள் பாலைக் கீழே கொட்ட அவர்களால் எப்படி முடிந்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுடைய பதினைந்து நாள், காய் களத்தில் காய்கிற அந்த நாட்கள்தான். அதுவரை வீட்டுச் செலவுக்கு 22 குடும்பத்திலும் கையில் பணம் இருக்க வேண்டும்.

மார்கழிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். 22 பேர் பெயரையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் நேரே மூன்று கட்டம்: எத்தனை சென்ட் மல்லாட்டை, வியாபாரியிடம் எவ்வளவு முன்பணம், கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பழைய பாக்கி எவ்வளவு. கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள்; யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். வீடு வீடாகப் போங்கள். முன்பணம் இல்லாதவர்கள் எட்டு பேர்தான் தேறினார்கள் என்றால், இந்தச் சித்திரைக்கு அந்த எட்டு பேரோடு தொடங்குங்கள். மற்றவர்கள் களத்தோரம் நின்று பார்க்கட்டும்.

தராசு வந்ததும் அதற்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உங்கள் அப்பாவை உட்கார வையுங்கள். ஒவ்வொரு மூட்டை எடையையும் அவர் உரக்கச் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்.